அம்பாசடரில் இசுஸு எஞ்சின்: மூன்று டிகிரியைத் தேடிய நான்கு மாதம்

அப்பாவின் வண்டி 1978ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசடர். கிருஷ்ணகிரியில் அவர் மாங்காய் மண்டி நடத்திய நாளில், 1986இல், சேலத்து வியாபாரி ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கியது. சீசனில் விடியற்காலை பெங்களூருக்கு, பகலில் தோப்புகளுக்கு, சாயங்காலம் சேலத்துக்கு என்று ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை மூன்று முறை போரிங் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து பெரிதாக்கி, ஆகிவிட்டது. இனி உள்ளே ஸ்லீவ் என்ற புதுக் குழாய் போட்டால்தான் உண்டு என்று லேத் பட்டறைக்காரர் சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய வருத்தம் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும். பாதி வழியில் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி கிளம்பும். 76 வயதில் அப்பா அந்தச் சாலையில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். சேலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். எஞ்சினை மாற்றியே தீர்வது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

எந்த எஞ்சின் என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புதிய டீசல் எஞ்சின் போடு என்றார் ஒருவர்; சின்னக் காரின் பெட்ரோல் எஞ்சின் போதும் என்றார் இன்னொருவர். இன்றைய சின்னக் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரங்களை இழுக்கின்றன. அம்பாசடரிலோ எஞ்சின் நெடுக்குவாட்டில் நின்று, நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரங்களைத் தள்ள வேண்டும். ஜீப் எஞ்சினோ வேன் எஞ்சினோ நெடுக்குவாட்டில் கிடைக்கும்தான். ஆனால் ஆயில் சம்ப் எங்கே இடிக்கும், ஸ்டியரிங் ராக் எங்கே தடுக்கும் என்று ஒவ்வொன்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இசுஸு 1800 எஞ்சினையே தேர்ந்தெடுத்தேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்த இந்த உடலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 2014 வரை பெரிய மாற்றம் இல்லாமல் செய்துவந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் இதே உடலுக்குள் 1817 சிசி இசுஸு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து விற்றது. உள்ளே உட்காருமா என்ற கேள்விக்குத் தொழிற்சாலையே பதில் சொல்லிவிட்டது. பழைய எஞ்சினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்து நீண்ட கம்பிகளால் வால்வுகளைத் தள்ளும். இசுஸுவில் கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலேயே இருக்கிறது, செயின் சுற்றுகிறது. சுமார் 50 குதிரைத் திறனுக்குப் பதில் 75 கிடைக்கும். சாலையில் அதிகம் உணர்வது ஐந்தாவது கியரைத்தான். பழைய நான்கு கியர் பெட்டியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறை சுற்றிக்கொண்டு அலறும்; ஐந்தாவது கியரில் அந்த அலறல் குறையும்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிப் போட்டிருந்த அம்பாசடர் ஒன்றிலிருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ரசீதில் எஞ்சின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டேன். அங்கேயே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்ததில் நான்கு சிலிண்டரிலும் 148 முதல் 155 பி.எஸ்.ஐ. வரை இருந்தது. இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அந்த வண்டியின் ஷாஃப்ட், மவுண்டிங் பிராக்கெட், ரேடியேட்டர், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எல்லாம் அங்கேயே கிடந்தன. "எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் 15,000 ரூபாய் அதிகம் கேட்டார். பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தேன். பின்னால் அந்தச் சாமான்களுக்காக நான் செலவழித்தது அதைப் போல இரண்டு மடங்கு. போன நாட்கள் தனிக் கணக்கு. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முடிந்தால் முழு வண்டியாகவே வாங்கிவிடுங்கள்.

வேலை நடந்தது காவேரிப்பட்டணத்தில், நாற்பது ஆண்டுகளாக அம்பாசடரும் ஜீப்பும் பார்த்துவரும் ஓர் அண்ணனின் பட்டறையில். தொடங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. எஞ்சினை மாற்ற அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதே நிறுவனம் அதே மாடலுக்குப் போட்ட எஞ்சின் என்பதால் விளக்குவது எளிதாக இருந்தது.

பழையதை இறக்கியது ஒரே நாள் வேலை. பானெட்டையும் ரேடியேட்டரையும் கழற்றிவிட்டு, இரும்பு முக்காலியில் செயின் பிளாக் மாட்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தபடியே வால் தாழ, மூக்கு உயரத் தூக்கினோம். காலியான எஞ்சின் அறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் 1978ஆம் ஆண்டின் பச்சை நிறம் வெளியே வந்தது. அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசுஸு எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், செயின், செயின் டென்ஷனர், கிளட்ச் தட்டு, பைலட் பேரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். 300 ரூபாய் சீலை விட்டுவைத்தால், நாளை அது கசியும்போது கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

மவுண்டிங் பிராக்கெட்டுகளை 6 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி, எஞ்சினைச் செயினில் தொங்கவிட்டபடியே அளவெடுத்து, முதலில் புள்ளி வெல்டிங், பிறகு முழு வெல்டிங் வைத்தோம். கியர்பாக்ஸின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நாங்களே செய்தோம். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் இரண்டும் தரைக்கு அடியில் நெடுக ஓடி நடுவில் பூட்டப்பட்டிருக்கின்றன. சட்டம் அவற்றைத் தொடாமல் வளைந்து போக வேண்டும். சைலன்சர் குழாய்க்கும் அதே சிக்கல். அந்தச் சட்டத்தில்தான் பின்னால் வந்த பெரிய தொல்லையின் விதை இருந்தது; அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

கியர் தண்டு ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு வந்ததால், வண்டித் தரையின் நடுவில் நெடுக ஓடும் நடுமேட்டில் ஓட்டை வெட்ட நேர்ந்தது. முன்சீட்டு முழு நீள பெஞ்சு. அதை எடுத்துவிட்டுத் தனித்தனி சீட்டு போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாவுக்கு மனமில்லை; எனக்கும்தான். கியர் தண்டைச் சூடாக்கி முன்பக்கமாக வளைத்து, இரண்டாவது, நான்காவது கியர்களில் சீட்டில் இடிக்காதபடி செய்தோம். வெட்டிய ஓட்டையின் விளிம்பைச் சுற்றி எல் வடிவப் பட்டை வைத்து வெல்டிங் செய்தோம். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தரையே எலும்பு. வெட்டியதை வெட்டியபடி விடக்கூடாது.

கிளட்ச் முதல் நாள் முழுமையாக விடவில்லை; ரிவர்ஸ் கியர் கரகரத்தது. பெடல் பக்கத்திலிருந்து எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரோடு, அந்த எண்ணெயை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டராக, கையில் கிடைத்த 7/8 அங்குலத்தைப் பொருத்தியிருந்தோம். தள்ளுகம்பி 9.5 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. வரும் எண்ணெயின் அளவு மாறாதபோது ஸ்லேவின் விட்டம் குறைந்தால் நகர்வு கூடும். 3/4 அங்குலம் போட்டவுடன் 13 மில்லிமீட்டர் வந்தது, கரகரப்பு போயிற்று. பெடல் கொஞ்சம் கனமானது. அப்பாவின் முழங்காலுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுதானா என்று அவரையே பத்து முறை மிதிக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அதை உறுதி செய்தோம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது ஒரு பயம். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. சோக் கேபிளின் உறையிலிருந்து புகை வந்தது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டோம். ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. தடித்த பட்டை ஒன்றை மாட்டியதும் இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்ததால் ரெகுலேட்டர் பெட்டியை எடுத்துவிட்டோம். டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கின் வயரை மட்டும் கவனமாகக் கொண்டுபோய் இணைத்தோம். அந்த விளக்கு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு எரிந்துபோனால் சார்ஜும் தடுமாறும்.

இனி அந்தப் பெரிய தொல்லை.

ஷாஃப்ட்டை நாங்கள் அளந்து, சேலத்தில் லாரி ஷாஃப்ட் பார்க்கும் பட்டறையில் நீளம் குறைத்து, பேலன்ஸ் செய்து வாங்கினோம். இரு முனையிலும் கிராஸ் என்ற மூட்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்தாயிற்று. பின் ஆக்சிலில் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி கிரவுன் பினியன்; அதில் ஷாஃப்ட்டோடு சேரும் சின்னது பினியன். 41 பல்லுக்கு 9 பல் இருந்ததை எடுத்துவிட்டு 43க்கு 10 போட்டோம். வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தேன். 50 வரை வெண்ணெய் மாதிரி போயிற்று. 55ஐத் தாண்டியதும் ஓர் அதிர்வு. ஸ்டியரிங்கில் இல்லை, சீட்டின் அடியிலும் கண்ணாடியிலும். பின்னால் வரும் லாரி கண்ணாடிக்குள் இரண்டாகத் தெரிந்தது. 65ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். 80இல் மறுபடி வரும்.

காரிமங்கலம் பக்கம் காலியான நேரத்தில் 60இல் போகும்போது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியது. அதிர்வு அப்படியே இருந்தது. அப்படியானால் எஞ்சின் காரணமில்லை. 60இல் சக்கரம் நொடிக்கு எட்டு முறைதான் சுற்றும். சக்கரக் கோளாறு என்றால் குலுக்கலாகத் தெரியும். இது ரீங்காரம். நொடிக்கு முப்பதுக்கு மேல் சுற்றுவது ஷாஃப்ட் ஒன்றுதான்.

சேலத்துக்கு மறுபடி எடுத்துப்போய் பேலன்ஸ் பார்த்தேன். சரியாக இருந்தது. இரண்டு கிராஸையும் புதிதாக மாற்றினேன். அதிர்வு போகவில்லை. கோணத்தைச் சந்தேகித்தேன். கியர்பாக்ஸின் வெளிமுனை பின்னோக்கி எத்தனை டிகிரி தாழ்ந்திருக்கிறதோ, பினியனின் மூக்கு அத்தனை டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். சாய்வாக நிற்கும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டை இரண்டு முறை வேகப்படுத்தி, இரண்டு முறை மந்தப்படுத்தும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதே கோணத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் கழிந்துபோகும். கழியாமல் மிஞ்சுவதுதான் அதிர்வாக வருகிறது. வண்டியின் உடலை நான்கு ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, காந்தம் வைத்த கோணமானியால் அளந்தேன். கியர்பாக்ஸ் 5.5 டிகிரி, பினியன் 4.9. இவ்வளவு வித்தியாசம் பெரிதில்லை என்று நினைத்து, கோணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த முடிவில் இரண்டு வாரம் போயிற்று. டயர்களை மாற்றிப் போட்டேன், பின் ஆக்சில் பேரிங் பார்த்தேன், மவுண்டிங் ரப்பர்களைக்கூட மாற்றினேன்.

ஒரு நாள் சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் டீ குடித்தபடி ஸ்டாண்டில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடும்போது வண்டி அந்தரத்திலா நிற்கிறது, தம்பி? தரையில் நிறுத்தி அளந்து பாருங்கள்" என்றார்.

உடலைத் தூக்கியதும் பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கில் தொங்கிவிடுகிறது. தொங்கும் பட்டை தன் வளைவை மாற்றிக்கொள்ளும்போது பினியனின் மூக்கும் திரும்பிவிடுகிறது. வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்க, முன்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, நான் பள்ளத்துக்குள் இறங்கி அளந்தேன். கியர்பாக்ஸ் அதே 5.5. பினியன் 2.5. மூன்று டிகிரி வித்தியாசம்! நாங்கள் செய்த குறுக்குச் சட்டம் கியர்பாக்ஸின் வாலை வேண்டியதைவிடத் தாழ்த்திப் பிடித்திருந்தது.

வாலைத் தூக்கினால் நடுமேட்டில் இடிக்கும். 12 மில்லிமீட்டருக்குத்தான் இடமிருந்தது. முன் மவுண்டிங்கிலிருந்து பின் மவுண்டிங்குக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் 12 மில்லிமீட்டர் என்பது முக்கால் டிகிரி. மீதியைப் பின்னால்தான் சரிசெய்ய வேண்டும். லேத்தில் இரண்டு டிகிரிச் சாய்வுள்ள இரும்பு ஆப்பு இரண்டு கடைந்து, பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவில் வைத்தோம். நடுப்போல்ட்டை நீளமானதாக மாற்றி, யு போல்ட்டுகளை இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கினோம். இப்போது கியர்பாக்ஸ் 4.7, பினியன் 4.5. அந்த 0.2 குறைவாக இருப்பதே நல்லது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டை கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கை மேலே தூக்கும்.

அன்று இரவு காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓட்டிவந்தேன். 55, 60, 65. கண்ணாடியில் பின்னால் வந்த லாரியின் விளக்குகள் இரண்டு இரண்டாகவே நின்றன. வீட்டுக்குத் திரும்பாமல் மேம்பாலம் வரை போய்த் திரும்பிவந்தேன்.

பிரேக் வேலை இதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. திறன் கூடிய வண்டிக்கு நான்கு பக்கமும் டிரம் போதாது. அதுவும் தொப்பூர் இறக்கத்துக்கு. பிற்கால அம்பாசடரின் முன் டிஸ்க்கை ஹப், காலிப்பரோடு போட்டு, குழாய்வழியில் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் தனி வேக்குவம் பூஸ்டர் ஒன்றும் பொருத்தினோம். பத்து கிலோமீட்டரில் முன்சக்கர மையம் கை வைக்க முடியாமல் கொதித்தது. பிரேக்கின் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்காக ஒரு செக் வால்வு இருக்கிறது. பெடலை விட்ட பிறகும் அது குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இருப்பதால் பாதகமில்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பேட் உரசிக்கொண்டே இருக்கும். அந்த வால்வை எடுத்துவிட்டு, பின் டிரம் குழாயில் 10 பி.எஸ்.ஐ. வால்வு, முன் டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு என்று தனித்தனியாக வைத்தோம். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் முன்னாலும் ஒன்று தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் எண்ணெய் பின்வாங்கிவிடும். பெங்களூரிலிருந்து அந்தச் சின்ன வால்வு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டியை வெளியே எடுக்கவில்லை. பிரேக்கில் 'சமாளித்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கூடாது.

போக்குவரத்து அலுவலக ஆய்வாளர் எஞ்சின் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். ரசீதில் இருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்தார், பிரேக்கை ஓட்டிப் பார்த்தார். புதிய எண்ணும் 1817 சிசியும் பதிவுச் சான்றிதழில் ஏறின. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன். எஞ்சின் விலையையும் சேர்த்து மொத்தச் செலவு 1,58,000 ரூபாய்.

ஸ்பீடோமீட்டரைக் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சோதித்தேன். முள் 60இல் நிற்க, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 64 நொடி ஆகிறது. அதாவது உண்மை வேகம் 56. குறைத்துக் காட்டாதவரை சரி என்று விட்டுவைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான், பையன் நால்வரும் அக்கா வீட்டுக்குப் போனோம். போகும்போது நான் ஓட்டினேன். தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம். முன் இரண்டும் மிதமான சூடு. திரும்பும்போது அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நான்காவது, முதல் வளைவில் மூன்றாவது; அதற்குக் கீழே போகவேயில்லை. வெப்பமானி முள் நடுவைத் தாண்டி இரண்டு கோடு ஏறி அங்கேயே நின்றது. முன்னால் வைத்த மின்விசிறி ஒரு முறை ஓடி நின்றது. ஏறி முடித்ததும் அப்பா, "வலது பின்சக்கரத்துப் பக்கம் லேசாக ஒரு சத்தம் வருகிறது, கவனித்தாயா?" என்று கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு கழற்றிப் பார்த்தேன். டிரம்முக்குள் கைபிரேக் கம்பியின் ஸ்பிரிங் ஒன்று கழன்று தொங்கியது.